கேள்விமாடத்துக் குரல்

பொதிகை மலைக்குப் பின்னால் கதிரவன் இறங்கி ஒரு நாழிகைகூட ஆகவில்லை. ஐப்பசி மாதத்துப் புதுவெள்ளத்தைச் சுமந்துகொண்டு பொருநை ஆறு, வேள்கோட்டையின் கருங்கல் மதிலை உரசியபடி கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. மேற்கே மலைமுகட்டில் கருமேகங்கள் குவிந்திருந்தன. கிழக்கே எழுந்த முழுநிலா அந்த மேகங்களைக் கண்டு தயங்கியதுபோல மருத மரங்களின் உச்சியிலேயே நின்றது. கூடு திரும்பிய கொக்குக் கூட்டம் கோட்டையின் மேல் பறக்காமல், ஆற்றைச் சுற்றி வளைந்து சென்று மறைந்தது. எட்டு மாதமாகவே பறவைகள்கூட அந்தக் கோட்டையின் ஆற்றுப்புறத்தை ஒதுக்கிவிட்டன என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

படித்துறையின் கடைசிப் படியில் ஓடம் ஒன்றைக் கட்டிவிட்டு, தலையில் முண்டாசும் தோளில் துடுப்புமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனை ஓடக்காரன் என்று நம்பிவிட வேண்டாம், வாசகர்களே! பிறந்தது முதல் துடுப்பையே தொட்டறியாதவன் அவன். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்ததிலிருந்தே அது விளங்கும். அவன்தான் வேள்நாட்டு மெய்காவற்படைத் தலைவன் கொற்றன். மூன்று போர்களில் காயம்பட்டும் பின்வாங்காத அந்த வீரன் அன்று மாலை மதிலை நிமிர்ந்து பார்க்கவே தயங்கினான். வந்த வேலை அப்படிப்பட்டது. பேயைப் பிடிக்க வந்திருந்தான் அவன்.

கோட்டை மதிலில், மனிதர் நின்றால் வாய் எட்டும் உயரத்தில், ஒரு துளை உண்டு. அதற்குக் கல்வாய் என்று பெயர். ஒரு சாண் அகலத்தில் தொடங்கி மதிலின் முழுக் கனத்தையும் ஊடுருவிச் சென்று, அப்பால் உள்ள கேள்விமாடம் என்னும் சிறு அறையில் அது முடியும். வேள்நாட்டு மன்னர்கள் ஏழு தலைமுறையாக ஒரு வழக்கத்தைக் காத்து வந்தார்கள். அந்திவிளக்கு ஏற்றும் நேரத்தில் குடிமக்கள் வரிசையாக வந்து கல்வாயில் தங்கள் குறையைச் சொல்வார்கள். மன்னர் கேள்விமாடத்தில் தனியே அமர்ந்திருப்பார். சொல்பவரின் முகம் மன்னருக்குத் தெரியாது. பெயரைக் கேட்கவும் கூடாது. ஆகையால் அதிகாரியைப் பற்றியும் சொல்லலாம், அமைச்சரைப் பற்றியும் சொல்லலாம், மன்னரைப் பற்றியே சொல்லலாம். சொல்லி முடித்ததும் உள்ளங்கையால் கல்லை மூன்று முறை தட்ட வேண்டும். உடனே உள்ளிருந்து மன்னரின் குரலில் "கேட்டேன்" என்ற ஒரே சொல் வரும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் எட்டு மாதங்களுக்கு முன் மன்னர் நெடுவேள் நீராடப் போன இடத்தில் ஆற்றோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை, உத்தரீயம் மட்டும் கரை ஒதுங்கியது. அவர் மகன் எயினன் வேள் முடிசூடினான். கேள்விமாடம் பூட்டப்பட்டு, அதன் சாவி அமைச்சர் விழுப்பரையரிடம் சென்றது. துக்கம் கழிந்த பதினாறாம் நாள், பழக்கதோஷத்தால் யாரோ ஒரு கிழவர் கல்வாயில் ஏதோ சொல்லிவிட்டு மூன்று முறை தட்டினார். உள்ளிருந்து, இறந்துபோன மன்னரின் குரல், "கேட்டேன்" என்றது.

கிழவர் அங்கேயே மயங்கி விழுந்தார். ஆனால் மறுநாள் ஐம்பது பேர் வந்தார்கள். உயிரோடிருந்தபோது கேட்டும் ஒன்றும் செய்யாத மன்னர், செத்த பிறகாவது செய்வாரோ என்று ஏழை ஜனங்களுக்கு ஒரு நப்பாசை! கற்பூரம் ஏற்றினார்கள், பூப் போட்டார்கள், அழுதார்கள், தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அந்தக் குரல் தவறாமல் பதில் சொன்னது. மதிலுக்கு உட்புறம் பள்ளியறையில் இருந்த இளம் மன்னனுக்கு மட்டும் அந்தக் குரல் நெஞ்சைப் பிளந்தது. மாலை வந்தாலே காதைப் பொத்திக்கொள்வான். உணவு இறங்கவில்லை. "நாளை அந்தியில் கல்வாயைச் சுண்ணாம்பும் கல்லும் இட்டு அடைத்துவிடுங்கள்" என்று ஆணையிட்டுவிட்டான். அதற்கு முன், இது பேயா, யாரேனும் செய்யும் சூதா என்று ஒருமுறை பார்த்து வரும்படி தன் இளமைத் தோழனான கொற்றனை அனுப்பியிருந்தான்.

கொற்றன் பார்த்தான். ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள், சொன்னார்கள், தட்டினார்கள். "கேட்டேன்... கேட்டேன்..." என்று கல்லுக்குள்ளிருந்து குரல் எழும்போதெல்லாம் அவன் காதைத் தீட்டிக்கொண்டான். சந்தேகமே இல்லை, சிறுவயதில் அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்த நெடுவேளின் குரலேதான்! குரலில் முன்பிருந்த கம்பீரம் இல்லை. சொல்லின் கடைசியில் ஒரு விக்கல் மட்டும் புதிதாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு கடைசியாக ஓர் இளம் பெண் வந்தாள். ஈரம் காயாத கூந்தல், முழங்கால் வரை சேறு, இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பு. கற்பூரமும் இல்லை, பூவும் இல்லை. நேரே போய்க் கல்வாயில் பேசினாள், மூன்று முறை ஓங்கித் தட்டினாள். பதில் வந்ததும் உதட்டைச் சுழித்துவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

"ஓடக்காரரே, தெக்குக் கரைக்குப் போகணும். கொண்டு விடுதீரா?"

நிலவு மேகத்தை விலக்கிக்கொண்டு அப்போதுதான் அவள் முகத்தில் விழுந்தது. கொற்றனுக்குப் பேய் மறந்தது, மன்னன் மறந்தான், துடுப்பும் மறந்தது. "இவ்வளவு ஆத்திரத்தோடு பேயிடம் என்னம்மா சொன்னாய்?" என்று மட்டும் எப்படியோ கேட்டுவைத்தான்.

அவள் சொன்னாள். அருகிலிருந்த படியில் உட்கார்ந்து, கையை ஆட்டி, நீளமாகவே சொன்னாள். அவள் குரல் மேலும் கீழும் போவதையும், கோபம் வரும்போது மூக்கு நுனி சிவப்பதையும் கொற்றன் கண்கொட்டாமல் பார்த்திருந்தான். அவள் நிறுத்தியதும் பெருமூச்சு விட்டு, "கேட்டேன்" என்றான்.

"அப்படியா? நான் என்ன சொன்னேன்?"

ஏதோ ஏரி என்று வந்ததாகக் கொற்றனுக்கு நினைவு. அல்லது ஏணியா?

அவள் சிரிக்கவில்லை. "நீரும் அந்தச் சுவர் மாதிரித்தான். உள்ளே இருக்கிற ஆவியும் கேட்டேங்கு, வெளியே இருக்கிற ஆளும் கேட்டேங்கு. நாப்பத்தோரு நாளா இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல்லே கசந்துபோச்சு" என்று எழுந்தாள்.

போர்க்களத்தில் புறமுதுகு காட்டியவனுக்குக்கூட அவ்வளவு வெட்கம் வந்திராது. கொற்றன் எழுந்து, முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "பெண்ணே, பிழை என்னுடையது. மறுபடியும் சொல். இம்முறை உன் முகத்தைப் பார்க்கமாட்டேன்" என்று ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அவள் மறுபடியும் சொன்னாள். அவள் பெயர் சேந்தி. இரண்டு காதத் தொலைவிலுள்ள நெடுங்கரை ஊரின் பேரேரியில் மடை காக்கும் குடும்பம். தாய் தந்தை இல்லை. சடையன் என்ற அண்ணன் மட்டும்; அவன் ஏரியைக் காக்க, இவள் தென்கரையில் தங்கி அந்திதோறும் முறையிட வருகிறாள். ஏரிக் கரையின் அடியில், பெரிய மடைக்குப் பக்கத்தில், நண்டு வளை வழியாக நீர் கசிகிறது. முதலில் தெளிந்த நீர் கசிந்தது. இப்போது மண் கலந்து வருகிறது. மண் கலந்து வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். மடையைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் கரையைச் செப்பனிடலாம். ஆனால் மடைக்கு அமைச்சரின் முத்திரை இட்டிருக்கிறது. அரசாணை இல்லாமல் திறந்தால் கை போகும். மலையில் மழை இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் ஏரி விளிம்பு தொடும். கரைக்குக் கீழே ஐந்நூறு குடும்பங்கள்.

கொற்றன் ஒவ்வொன்றையும் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னான். நண்டு வளையை மட்டும் எலி வளை என்றான், அவள் திருத்தினாள். முடிந்ததும் சேந்தியின் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. "நாப்பத்தோரு நாளில் முதல் ஆள் நீர்தான்" என்றாள்.

பிறகு தாழ்ந்த குரலில், "ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக்கூடாது. முந்தாநாள் நான் வேணுமின்னே ஒரு வார்த்தையும் பேசாம மூணு தட்டு மட்டும் தட்டினேன். கேட்டேன்னு பதில் வந்தது! நேத்து எல்லாம் பேசிட்டுத் தட்டாம நின்னேன். ஒரு பதிலும் இல்லை. பேய்க்குக் காது கேட்காதா ஓடக்காரரே?" என்று கேட்டாள்.

கொற்றன் மதிலைத் திரும்பிப் பார்த்தான். பேய்க்குக் காது கேட்குமா கேட்காதா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தட்டினால் பதில் சொல்லும், பேசினால் பதில் சொல்லாது என்றால், உள்ளே இருப்பது சதையும் எலும்பும் உள்ள ஒன்றுதான் என்பது அவனுக்கு உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை அரண்மனைக்குச் சென்ற கொற்றன், மன்னனைக் கண்டு திடுக்கிட்டான். எயினன் வேளின் கன்னங்கள் ஒட்டியிருந்தன. கண்களைச் சுற்றிக் கருவளையம். பக்கத்தில், வெண்பட்டுப் பரிவட்டமும் மாறாத புன்னகையுமாக அமைச்சர் விழுப்பரையர் நின்றார்.

"மன்னர் பெருமானே! நெடுங்கரைப் பேரேரி உடையும் நிலையில் இருக்கிறது. மடையைத் திறக்க இன்றே ஆணை வேண்டும். மேலும், கல்வாய்க்குப் பின்னால் இருப்பது ஆவி அல்ல. கேள்விமாடத்தைத் திறந்து பார்க்க அடியேனுக்கு அனுமதி தாருங்கள்."

"கேட்டேன், கொற்றா, கேட்டேன்" என்றான் எயினன். அவன் பார்வை பள்ளியறைச் சுவரைவிட்டு அகலவில்லை. "இன்று அந்தியோடு அந்தக் குரல் நின்றுவிடும் அல்லவா, அமைச்சரே?"

"நிச்சயமாக நின்றுவிடும், பெருமானே! கொத்தர்கள் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருக்கிறார்கள். படைத்தலைவர் களைத்திருக்கிறார், பாவம். ஓடம் விட்ட களைப்பு" என்று விழுப்பரையர் இனிமையாகச் சொன்னார்.

வேடம் போட்டது வீண் என்று கொற்றனுக்கு அப்போது தெரிந்தது. வாக்குவாதம் செய்யாமல் வணங்கிவிட்டு வெளியே வந்தான். முந்தைய இரவு தான் சேந்தியிடம் சொன்ன அதே பொய்யை, இன்று மன்னன் தன்னிடம் சொல்லியிருக்கிறான்.

அன்று பிற்பகல் அரண்மனை மடைப்பள்ளிப் பக்கம் அவன் சும்மா உலாவினான். வயிற்றுக்குச் சோறு இல்லாமல் எந்த உடம்பும் எட்டு மாதம் சுவருக்குள் இருக்க முடியாதல்லவா? அங்கே சமையற்காரன் ஒருவன் மண்பானையில் தயிர்ச்சோறும் இலையில் நார்த்தங்காயும் வைத்து மூடிக்கொண்டிருந்தான். யாருக்கென்று கேட்டபோது, ஆவிக்குப் படையல், அமைச்சர் ஏற்பாடு, தினம் பழைய ஆயுதசாலைக் காவலனிடம் கொடுப்பது வழக்கம் என்றான். பானை வெறுமையாகத் திரும்புமா என்று கொற்றன் கேட்டான்.

"கழுவித் திரும்பும் ஐயா! நல்ல ஆவி!"

தயிர்ச்சோறு உண்டு பானையும் கழுவி வைக்கும் ஆவியைக் காணக் கொற்றன் விரைந்தான். ஆயுதசாலை இருண்டு கிடந்தது. துருப்பிடித்த வேல்களுக்கு அப்பால், பானையை வாங்கிக்கொண்ட காவலன் கேள்விமாடத்தின் தாழ்ந்த கதவின் முன் குனிவதைக் கண்டான். காலடி கேட்டுக் காவலன் வாளை உருவினான். ஒடுங்கிய இடம், வாள் வீச வழியில்லை. கொற்றன் பக்கத்திலிருந்த பழைய கேடயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். வாள் கேடயத்தில் மோதி முறிந்தது. காவலன் சுவரில் மோதிச் சரிந்தான். கொற்றனின் இடதுதோளை முறிந்த வாளின் முனை கிழித்திருந்தது. இரத்தத்தைப் பொருட்படுத்தாமல் காவலன் இடுப்பிலிருந்த சாவியால் கதவைத் திறந்தான்.

உள்ளே ஓர் ஆள் படுக்கும் அகலமே இருந்த அறை. எதிர்ச் சுவரில் கல்வாயின் உள்முனை; அதன் வழியே அந்திவானத்தின் செம்மை ஒரு சாண் அளவுக்கு வந்து விழுந்தது. அந்த ஒளியில், தலைமுடி தோளில் புரள, ஒரு முதியவர் சுவரோடு சுவராக அமர்ந்திருந்தார். அவருடைய வலது உள்ளங்கை கல்லின்மேல் பதிந்திருந்தது. கொற்றன் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை உரக்கக் கூப்பிட்டான். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஆற்றோடு போனதாக நாடே அழுத மன்னர் நெடுவேள்!

கொற்றன் மண்டியிட்டு, "பெருமானே!" என்றான். பயனில்லை. முதியவர் தம் காதைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார்.

"பன்னிரண்டு ஆண்டாக எதுவும் கேட்பதில்லை, தம்பி. பெருங்காய்ச்சல் வந்ததே, அன்றோடு போயிற்று. செவியற்றவன் அரசு கட்டிலில் இருக்கக்கூடாது என்பது எங்கள் குல மரபு. எயினன் அப்போது சிறு பிள்ளை. விழுப்பரையர் ஒருவருக்கே உண்மை தெரியும். அவர் சைகை காட்டுவார், நான் தலையாட்டுவேன். மாலையில் இங்கே வந்து கல்லில் கை வைத்துக்கொள்வேன். மூன்று அதிர்வு வந்தால் 'கேட்டேன்' என்பேன். ஒரு பொய் சொன்னேன். பிறகு தினம் ஐம்பது பொய். எயினனுக்கு வயது வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாளே என்னை ஆற்றில் மூழ்கடித்து, இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்த ஒரு சொல் போய்க்கொண்டே இருந்தால்தான் மக்கள் அமைதியாக இருப்பார்களாம். வேறு சொல் ஒன்று வெளியே போனாலும் என் மகன் உயிர் போகுமாம்."

கொற்றன் அவர் உள்ளங்கையைப் பற்றி, விரலால் எழுத்தெழுத்தாக எழுதினான். *இன்று அந்தியில் இதை அடைக்கிறார்கள்.*

முதியவர் சிரித்தார். அது கேட்கச் சகிக்காத சிரிப்பு. "அரச இரத்தம் சிந்த அமைச்சருக்கு அச்சம். மகன் கையாலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்" என்றார். பிறகு சட்டென்று கொற்றன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தம்பி, நீ வெளியே இருந்து வருகிறாய். ஒரு கை நாற்பது நாளாக வருகிறது. சிறிய கை. எல்லாருக்கும் கடைசியில் வரும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஓங்கித் தட்டும். அது யார்? என்ன கேட்கிறது?"

கொற்றன் எழுதும் முன்பே கல்வாயின் வழியே வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன. சாந்துக்கரண்டி தொட்டியில் உரசும் ஓசையும் வந்தது.

"நகரு, பெண்ணே! மன்னர் நிற்பது தெரியவில்லையா?" அது விழுப்பரையரின் குரல்.

"நகர மாட்டேன். இன்னும் ஒரு தடவை நான் சொல்லிக்கிடுதேன். அப்புறம் என்னையும் சேத்து வச்சுப் பூசுங்க!" அது சேந்தி.

பிறகு எயினனின் களைத்த குரல் வந்தது. "சொல்லட்டும். சொன்ன பிறகு அடையுங்கள்."

சேந்தி சொன்னாள். கசிவைச் சொன்னாள், முத்திரையைச் சொன்னாள், மலையில் பெய்யும் மழையைச் சொன்னாள். உள்ளே கொற்றன் அவள் சொல்வதையெல்லாம் முதியவரின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தான். *ஏரி. கரை கரைகிறது. ஐந்நூறு வீடு. நாற்பத்திரண்டு நாள்.* அவர் உடல் குலுங்கத் தொடங்கியது. வெளியே மூன்று தட்டு விழுந்தது. கல் அதிர்ந்தது.

முதியவர் கல்வாயில் முகத்தை வைத்தார்.

"கேட்கவில்லை" என்றார். "நான் கேட்கவில்லை, தாயே! பன்னிரண்டு ஆண்டாக உங்களில் ஒருவர் சொன்னதையும் நான் கேட்கவில்லை. எயினா! நான் ஆவி இல்லை. உன் தந்தை, செவியில்லாத உன் தந்தை. சுவருக்கு இந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறேன். உனக்குத்தான் இரண்டு காதும் இருக்கிறதே, மகனே! அந்தப் பெண் இப்போது என்ன சொன்னாள்? சொல்!"

வெளியே அலறலும் ஓட்டமும் எழுந்து அடங்கின. எயினன் பதில் சொல்லவில்லை. கொற்றனுக்கு அந்த மௌனத்தின் பொருள் விளங்கியது. மூன்று முழத் தொலைவில் நின்றும், அடுத்து வரப்போகும் குரலை எண்ணி நடுங்கிக்கொண்டிருந்த மன்னன், சேந்தியின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் வாங்கிக்கொள்ளவில்லை!

"தெரியவில்லை, தந்தையே" என்று கடைசியில் உடைந்த குரல் வந்தது. பிறகு, "பெண்ணே, என் தந்தைக்குக் காது இல்லை, எனக்கு இருந்தும் இல்லை. பொறுத்துக்கொள். இன்னொரு முறை சொல்வாயா?"

அவள் சொன்னாள். எயினன் அவளுக்குப் பின்னாலேயே ஒவ்வொரு வாக்கியத்தையும் பள்ளிப்பிள்ளையைப்போல் திருப்பிச் சொன்னான். அவன் நண்டு வளையைச் சரியாகச் சொல்லிவிட்டான். அதைக் கேட்டுக் கொற்றனுக்கு அந்த நிலையிலும் சிறிது பொறாமையாக இருந்தது.

இதற்குள் விழுப்பரையர் சத்தமில்லாமல் படித்துறையில் இறங்கி ஓடத்தை நோக்கி நடந்தாராம். படிகளில் மக்கள் நிறைந்திருந்தார்கள். "வழி விடுங்கள்!" என்று அதட்டினார். "கேட்டோம்" என்றார் முன்வரிசையில் நின்ற கிழவர் ஒருவர். "கேட்டோம், கேட்டோம்" என்றார்கள் மற்றவர்கள். ஒருவர்கூட அடியெடுத்து நகரவில்லை. காவலர் வந்து பிடிக்கும் வரை அமைச்சர் அங்கேயே நின்றார்.

மன்னனின் முத்திரை மோதிரத்தோடு கொற்றனும் சேந்தியும் ஒரே குதிரையில், நூறு வீரர்கள் பின்தொடர, கொட்டும் மழையில் நெடுங்கரை சென்று சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. ஏரி விளிம்பு தொட்டுவிட்டது. கரையின் அடியில் செந்நீர் சீறிக்கொண்டிருந்தது. சடையன் தனியனாய் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆணை வந்துட்டு, அண்ணே!" என்று சேந்தி கத்தினாள்.

சடையன் மோதிரத்தைப் பார்த்தான், நீரைப் பார்த்தான். நாற்பது நாளைக்கு முன் மடையின் மேல் இரண்டு ஆள் மட்டம் நீர் நின்றது. முங்கித் திறந்துவிட்டு மூச்சுவிட மேலே வந்துவிடலாம். இப்போது ஐந்து ஆள் மட்டம். தங்கையின் தலையில் ஈரக் கையை ஒருமுறை வைத்துவிட்டு நீருக்குள் போனான். சற்றைக்கெல்லாம் மடை திறந்தது. கால்வாயில் வெள்ளம் முழங்கிக்கொண்டு ஓடியது. ஏரி மெல்ல மெல்ல இறங்கியது. ஐந்நூறு வீடும் தப்பின. சடையன் மேலே வரவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை. மழை விட்டிருந்தது. கொற்றன் படித்துறையில் நின்றான், இம்முறை வேடம் இல்லாமல். சேந்தி கல்வாயின் முன் நின்றாள். அவள் ஒன்றும் சொல்வதற்கு வரவில்லை. தான் சொல்ல வேண்டியது இருக்கிறது, வரமுடியுமா என்று மன்னன் ஆளனுப்பிக் கேட்டிருந்தான். உள்ளே எயினன் வேள் இருந்தான். அவன் பக்கத்தில் தந்தை நெடுவேள் கல்லில் கை வைத்தபடி அமர்ந்திருந்தார்.

"நெடுங்கரைப் பெண்ணே!" என்று கல்வாயிலிருந்து குரல் வந்தது. உயிருள்ள குரல்தான். ஆனாலும் படியில் நின்றவர்கள் பழக்கத்தால் நடுங்கினார்கள். "நீ நாற்பத்திரண்டு நாள் சொன்னாய். நாங்கள் ஒருநாள்தான் கேட்டோம். கரையைக் கருங்கல் கொண்டு கட்டத் தொடங்கிவிட்டோம். ஏரி மடைகளின் முத்திரை இனி அந்தந்த ஊராரிடமே இருக்கும். இவை செய்தவை. செய்ய முடியாதது ஒன்று உண்டு. முதல் நாளே கேட்டிருந்தால் உன் அண்ணன் சடையன் இருந்திருப்பான். அவனை என்னால் திருப்பித் தர முடியாது. ஆகையால் இந்தக் கல்மேல் ஆணையாகச் சொல்கிறேன். இனி இந்த மாடத்தில் அமர்பவன், சொன்னவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நாள் இதே இடத்தில், செய்தது என்ன, செய்யாதது என்ன என்று தானே சொல்ல வேண்டும். 'கேட்டேன்' என்ற சொல்லை வேள்நாட்டு மன்னன் எவனும் இனி உச்சரிக்க மாட்டான். அது உங்கள் சொல். நாங்கள் சொன்னது உங்களுக்குப் போதுமென்றால், நீங்கள் சொல்லுங்கள்."

சேந்தி நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவள் தோள்கள் குலுங்குவதைக் கண்டு கொற்றன் இரண்டு படி ஏறினான், பிறகு நின்றுவிட்டான். பேச அவனிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் இது தன் முறை அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளாகத் திரும்பி, கண்ணால் அவனைத் தேடி, இடதுகையை நீட்டினாள். கொற்றன் வந்து அதைப் பற்றிக்கொண்டான்.

வலது உள்ளங்கையால் அவள் கல்லை மூன்று முறை தட்டினாள். ஓங்கி அல்ல, மெதுவாக. உள்ளே ஒரு கிழக் கை அதை உணர்ந்திருக்கும்.

"கேட்டேன்" என்றாள் சேந்தி.